காலிப் பிரிமணை

செம்பாளூரில் எல்லாமே பத்துக்கு ஒன்று குறைந்துபோன அந்த வருஷத்தை ஊரார் இன்றைக்கும் வைத்திலிங்கத்தின் விரல் போன வருஷம் என்றுதான் சொல்கிறார்கள், புயல் வருஷம், அம்மை வருஷம் என்று சொல்வதைப் போல, வந்தது, இருந்தது, போனது, அதில் வியக்க என்ன இருக்கிறது என்பதைப் போல.

காசிம் ராவுத்தரின் தேங்காய்க் களத்தில் லோடு ஏற்றி முடித்த லாரியின் பின்கதவை நான்கு பேர் தூக்கி மூடியபோது, பலகைக்கும் கொண்டிக்கும் நடுவில் மாட்டி, எண்ணிக்கைக்காரர் வைத்திலிங்கத்தின் வலதுகைச் சுண்டுவிரல் துண்டாகிப் போயிற்று. ஆளையும் ரத்தத்தையும் கவனித்தவர்கள் விரலைக் கவனிக்கவில்லை. அது காய்களுக்கு நடுவே உருண்டு விழுந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் லாரி திருச்சியைத் தாண்டிவிட்டது, மறுநாள் கிருஷ்ணா நதியையும் தாண்டிவிட்டது, விரலும் அதனோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது. விரல் போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. செம்பாளூரில் மாசி வெயில் காயும்போது இல்லாத விரலின் நுனி குளிரில் விறைக்கும்; ஊரில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளில் அது நனைந்து ஊறிப்போய்க் கிடக்கும்; சாலை மோசமான இடங்களில் இரவெல்லாம் குலுங்கும். அதனால் அவரும் ஓரிடத்தில் உட்கார முடியாதவரானார். டீக்கடையில் ஆட்கள் பேப்பரை மடக்கிவிட்டுக் கேட்பார்கள்.

"வைத்தி, இப்ப எங்கப்பா இருக்கு?"

"தெரியல. புழுதியா இருக்கு. கோதுமை வாசனை அடிக்குது."

"பஞ்சாபா இருக்கும்" என்பார்கள். பேப்பரை மறுபடி விரிப்பார்கள்.

விரல் போவதற்கு முன்பு வைத்திலிங்கம் எண்ணுவதைப் பார்க்கவே களத்துக்கு ஆள் வரும். முதல் காயை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார், அந்தப் பக்கத்தில் அளக்கிற யாரும் அப்படித்தான். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு என்று ராகம் இழுத்து, காய்க்கொரு விரலாக மடக்கிக்கொண்டே போய், இடதுகைச் சுண்டுவிரலில் தொடங்கியது வலதுகைச் சுண்டுவிரலில் வந்து சேரும்போது பத்து. மனிதனுக்கு விரல் அத்தோடு தீர்ந்துபோகிறது. தீர்ந்துபோனவன் என்ன செய்ய முடியும்? தன் இடதுபக்கம் தரையில் கிடக்கும் நார்ப் பிரிமணையில், பானை உட்கார வைக்கிற பிரிமணைதான், அடையாளத்துக்கென்று வைத்திருக்கும் சொத்தைக் காய் ஒன்றை எடுத்து வைப்பார், கையை விரித்து உதறுவார், மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்குவார். அப்படிப் பத்துச் சொத்தைக் காய் சேர்ந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதற்கும் இடதுபக்கம் கிடக்கும் அடுத்த பிரிமணையில் ஒரே ஒரு காய். அது நூறு. அதற்கும் அப்பால் இன்னொரு பிரிமணை, அது ஆயிரம். எல்லாம் ஒரே மாதிரிச் சொத்தைக் காய்தான். உட்கார்ந்த இடம்தான் ஒன்றைப் பத்தாகவும் நூறாகவும் ஆயிரமாகவும் ஆக்கியது.

அதனால் காய் இல்லாமல் வெறுமனே கிடக்கும் பிரிமணையை யாராவது காலால் ஒதுக்கினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. "காலியா இருக்கு, ஆனா அது இடம்டா. அத எடுத்தேன்னா அங்கிட்டு இருக்குற ஆயிரம் வந்து நூறு மேல குந்திக்கும்" என்று கத்துவார். கூலி ஆட்கள் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு அவர் கத்துவதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

தையல் பிரித்துவிட்டுக் களத்துக்குத் திரும்பிய அன்று அதே ராகத்தில்தான் தொடங்கினார். லாபம், ரெண்டு, மூணு. ஒன்பது விரலும் மடங்கியதும் கை முடிந்துவிட்டது. வலதுகையின் ஓரத்தில் வழவழப்பாக ஒரு மேடு மட்டும் இருந்தது, அதைத் தொடவோ பார்க்கவோ அவருக்குக் கூச்சமாக இருந்தது, ஆகவே அங்கே நிற்காமல் தாண்டிப்போய், பத்து என்று சொல்லிப் பிரிமணையில் காயை வைத்தார். நாள் முழுக்க அப்படியே எண்ணினார். பத்தாயிரம் என்று ஏற்றிவிட்ட லோடு ஆறாயிரத்துச் சொச்சமாக இறங்கியது என்று வடக்கேயிருந்து போன் வந்தது. அப்படியானால் மிச்சம் களத்தில் கிடக்க வேண்டும். களம் துடைத்துவிட்டது போல இருந்தது. பறித்தவர்கள் பத்தாயிரம் என்றார்கள், உரித்தவர்கள் பத்தாயிரம் என்றார்கள், உரித்த மட்டையும் பத்தாயிரத்துக்குக் குவிந்து கிடந்தது, காய் மட்டும் இல்லை.

ராவுத்தர் அவரை அலுவலக அறைக்குள் கூப்பிட்டு, ஒரு தட்டில் பத்து பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்து எண்ணச் சொன்னார். வைத்திலிங்கம் எண்ணினார். முடித்தபோது தட்டில் ஒன்பது இருந்தது.

"வாயைத் திற."

"முதலாளி, நான் போயி..."

"திறப்பா."

திறந்தார். ராவுத்தர் டார்ச் அடித்துப் பார்த்தார். கையை விரிக்கச் சொன்னார், மடியை அவிழ்க்கச் சொன்னார். "தின்னல, ஒளிக்கல. அப்ப போயிருச்சு" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒன்பதில் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். லோடுக்கு ஆள் பிடிக்கும் தரகர் மட்டும் வாசலில் நின்று குழம்பிக்கொண்டிருந்தார். "பத்துக்கு ஒண்ணு போகுதுன்னா நூத்துக்குப் பத்துதானே பாய் போகணும்? நான் பாத்தேன், பத்தொம்பது போகுது."

"பத்துக் காயில ஒரு காய் போகுது. பத்துப் பத்துல ஒரு பத்தே போகுது. மேல ஏற ஏறப் பெரிய வாயா கடிக்குது" என்றார் ராவுத்தர், கொட்டையைத் துப்பிவிட்டு.

களத்தில் எண்ண வேறு ஆளைப் போட்டார்கள். வைத்திலிங்கத்தை ராவுத்தர் விரட்டவில்லை, நிழலில் உட்கார வைத்தார். ஊர்க்காரர்கள் அவரைத் தேடி அங்கே வந்தார்கள். ஒரு மாதத்துக்குள் செம்பாளூர் அவரைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டது. எலி அதிகமான வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். முகத்தில் மரு இருந்த பெண்கள் முந்தானையை விலக்கிக் காட்டினார்கள், இரண்டு தடவை எண்ணச் சொன்னார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்து வைத்தார், பிறகு தன் சொந்த மகனின் தாளைக் காணோம் என்று தலையில் கைவைத்துக்கொண்டு போனார். குறையக் கூடாததை அவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளவும் ஊர் கற்றுக்கொண்டது. கோழிக்காரிகள் குஞ்சுகளை அவர் வரும் தெருவில் விடுவதில்லை. கல்யாணப் பந்தியில் அவருக்கு அடுப்படியில் தனி இலை. பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் அவர் தலை தெரிந்ததும் தங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு, பத்து வந்தால் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார். பஞ்சாயத்துத் தேர்தலில் ஓட்டு எண்ணிய நாளில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாகச் சேர்ந்து அவரைப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போய், ஒரே சினிமாவை மூன்று ஆட்டம் பார்க்க வைத்தார்கள்.

நாட்களும் எண்ணிக்கைக்குள் வரும் என்பது வைகாசியில்தான் தெரிந்தது. அழகுநாச்சியம்மனுக்குப் பத்து நாள் திருவிழா, பத்தாம் நாள் தேர். ஒவ்வொரு நாளும் சாமி புறப்பாட்டை அவர் கடைத்தெரு முனையில் நின்று பார்த்தார், அவருக்குத் தெரியாமலே நாளுக்கொரு விரல் மடங்கியது. ஒன்பதாம் நாள் குதிரை வாகனம் முடிந்து எல்லோரும் தூங்கி எழுந்தபோது பதினோராம் நாள் விடிந்திருந்தது. நாள்காட்டியில் இடையில் ஒரு தாள் இல்லை. அலங்கரித்த தேர் நிலையிலேயே நின்றது, கட்டிய வாழைமரம் ஒரு நாள் அதிகமாக வாடியிருந்தது. குருக்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மஞ்சள் நீராட்டைத் தொடங்கச் சொன்னார். அடுத்த வருஷம் முதல் தேரை ஒன்பதாம் நாளே வைத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

அதன் பிறகு தபால்காரர் அருணாசலத்தின் மகன் வந்தான். அப்பா செத்து எட்டு நாள் ஆகியிருந்தது. "அண்ணே, பத்தாம் நாள் காரியம் பண்ணிட்டா அவரு போயிருவாரு. அம்மா அத நினைச்சு நினைச்சு அழுவுது. நீங்க வந்து எங்க வீட்டு நாளை மட்டும் கொஞ்சம் எண்ணிட்டுப் போங்க" என்றான். அவர் மறுத்தார். அந்த அம்மாளே வந்து எதிரில் நின்றபோது, போனார், எண்ணினார். அந்த வீட்டுக்குப் பத்தாம் நாள் வரவில்லை. அருணாசலம் போகவுமில்லை, இருக்கவுமில்லை. பின்னறையில் அவருடைய இருமல் மட்டும் பகலும் இரவும் கேட்டது. முதலில் சந்தோஷப்பட்ட மனைவி, ஆவணி வந்தபோது, "இருமித் தொலைக்கிறாரே, ஒரு வாய் தண்ணி கேக்கத் தெரியலையே" என்று மிளகுக் கஷாயத்தை வைத்துக்கொண்டு அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். வைத்திலிங்கம் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டார். ஆனாலும் இருமல் அவரோடு வந்தது. பத்தாவது என்பது வெறும் கடைசி ஒன்றல்ல, அதுதான் வாசல் போலிருக்கிறது என்று நினைத்தார். நான் குறைக்கிறேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன், நான் வாசலைச் சாத்திக்கொண்டிருக்கிறேனோ? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் அவரைத் தின்றுகொண்டிருந்தது வேறு. அவருடைய ஒரே மகள் தேன்மொழி முழுகாமல் இருந்தாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கியது. பங்குனியில் திருப்பூரிலிருந்து போன் வந்தபோது, மனைவி சௌந்தரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தபடி அவர் பக்கம் திரும்பினாள், திரும்பியவள் சிரிப்பை நிறுத்தினாள். அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

"விரிங்க" என்றாள்.

விரித்தார். அது தானாக மடங்கியது.

சித்திரையில் மோதிர விரல் மடங்கியது. வைகாசியில் நடுவிரல். அவர் கையைத் துணியால் சுற்றிக் கட்டினார், துணிக்குள் மடங்கியது. எண்ணாமல் இருக்க என்ன செய்வது? நாற்பது வருஷம் எண்ணியே சோறு தின்றவனுக்கு எண்ணாத நேரம் என்று ஒன்று உண்டா? அவர் நடந்தார். காலையில் கிளம்பிக் கடற்கரை வரைக்கும் நடந்து திரும்பினார், போகிற வழியெல்லாம் மின்கம்பத்தையும் பாலத்தையும் பார்க்காமல் இருக்க வானத்தைப் பார்த்தார், வானத்தில் கொக்கு பறந்தது, கண்ணை மூடிக்கொண்டார். பஸ் ஏறி எந்த ஊர் என்று கேட்காமல் இறங்கினார். எங்கே போனாலும் அவருக்கு முன்னால் அந்தச் சுண்டுவிரல் போய்க்கொண்டிருந்தது, லாரி அடியில் கிடந்து குலுங்கிக்கொண்டு, வேறு லாரிக்கு மாறி, வேறு சாக்கில் விழுந்து, எங்கும் இறங்காமல்.

புரட்டாசியில் ஏழாம் மாதம், வளைகாப்புப் போட்டுத் தேன்மொழியைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அன்றைக்கே அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார். மகளுக்கு எதிரில் வராமல் இருந்தால் எண்ணிக்கை தப்பும் என்று ஒரு நம்பிக்கை. ஐப்பசியில் ஒரு விரல், கார்த்திகையில் ஒரு விரல். அத்தோடு கை முடிந்தது.

மார்கழி எல்லோருக்கும் வந்தது, தேன்மொழிக்கு வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்பதாம் மாசம் நடக்குது, இன்னும் நாள் இருக்கு" என்றாள். தை பிறந்து பொங்கல் கழிந்து போனபோதும் அதே நர்ஸ் அதே குரலில் அதையே சொன்னாள். மாசியும் பாதியாயிற்று. வயிறு வளரவுமில்லை, இறங்கவுமில்லை. பிள்ளை உள்ளே புரண்டு, உதைத்து, ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடி தொடங்கிய இடத்துக்கே போனது. தண்ணீர் குழாயடியில் பெண்கள் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பத்தாம் மாசத்துலதான பிள்ளை இருக்கு? அந்த மாசமே இல்லன்னா அது எங்குட்டு வரும்?" என்றார்கள். "அருணாசலம் இருமுறது மாதிரி இது உள்ள கிடந்து உதைச்சுக்கிட்டே கிடக்கும்."

சௌந்தரம் களத்துக்கே வந்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் எலிய எண்ணிக் குடுத்தீங்க, மருவ எண்ணிக் குடுத்தீங்க. எம் பொண்ணு என்ன பாவம் பண்ணுனா?"

"நான் எண்ணல சௌந்தரம். அதுவா மடங்குது."

"கை உங்க கைதான?"

அவர் மடங்கிய கைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"நடக்க முடியல அவளால. உக்காந்தா எந்திரிக்க முடியல. ரெண்டு வருஷமானாலும் இப்படியேதான் இருப்பியாடின்னு நேத்து அவ வீட்டுக்காரரு போன்ல கேக்குறாரு, சிரிச்சுக்கிட்டே. சிரிச்சுக்கிட்டேதான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல." முந்தானையை இழுத்துச் செருகினாள். "போனதுதான் போச்சு, அந்த லாரி உங்க கைய முழுசா எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ராவுத்தர் தொழுகைக்குப் போயிருந்தார், ஆட்கள் சாப்பாட்டுக்குக் கலைந்திருந்தார்கள். புதிய எண்ணிக்கைக்காரன் பாதியில் விட்டுப்போன கணக்கு தரையில் அப்படியே இருந்தது: ஆயிரத்தின் பிரிமணையில் மூன்று காய், நூற்றின் பிரிமணை காலி, பத்தின் பிரிமணையில் நான்கு காய். வைத்திலிங்கம் மட்டை வெட்டும் கட்டைக்கு எதிரில் உட்கார்ந்தார். இடதுகையைக் கட்டையின் மேல் வைத்தார். ஐந்து விரலும் மடங்கி, மூடின கை, திறக்காத கை. வலதுகையின் மடங்கிய விரல்களுக்குள் அரிவாள் பிடியைச் செருகி எடுத்தார். எண்ணுகிற கையே இல்லையென்றால் எண்ணிக்கை எங்கே உட்காரும்? இதை முன்பே செய்திருக்க வேண்டும், முன்பே செய்யாதவன் என்ன தகப்பன் என்று தன்னைக் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் கை போனா மிச்சம் நாலு விரல்தான்ப்பா இருக்கும்" என்றது பின்னால் ஒரு குரல். "எம் பிள்ளைக்கு நாலு மாசம்தான் கிடைக்கும். அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் கஞ்சிச் சட்டி. வீட்டிலிருந்து களம் வரைக்கும் அந்த வயிற்றோடு நடந்து வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. அவர் அரிவாளைக் கீழே வைக்கவில்லை, ஓங்கவுமில்லை.

"நீ ஏம்மா வந்த? எம் முன்னால வராத."

"வந்தா மட்டும் என்ன, ஒன்பதுல நிக்கிறது பதினெட்டா ஆயிருமா? கஞ்சி சூடா இருக்கு, கையப் பொசுக்குது. இருங்க, கீழ வச்சுட்டு உங்களுக்குப் பதில் சொல்றேன்."

உருண்டை அடிச் சட்டியை வெறுந்தரையில் வைக்க முடியாது. அவள் சுற்றிலும் பார்த்தாள், பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் கிடந்த நூற்றின் பிரிமணையை எடுக்க மெதுவாகக் குனிந்தாள்.

"அத எடுக்காத" என்று வைத்திலிங்கம் கத்தினார். நாற்பது வருஷப் பழக்கம் அவருக்கு முன்னால் ஓடிப்போய்க் கத்திவிட்டது. "அது நூறு."

"காலியாத்தானப்பா கிடக்கு."

"காலியா இருந்தா? இடம் இருக்கணும்ல? அத எடுத்துட்டு எண்ணுனா எல்லாம்..."

அவர் நிறுத்தினார். அவள் பாதி குனிந்தபடியே நின்றாள். சட்டி கையில் சுட்டது, அதை அவள் மறந்திருந்தாள். அவள் பார்வை பிரிமணையிலிருந்து அவருடைய வலதுகைக்கு வந்தது, அரிவாள் பிடியைச் சுற்றி மடங்கியிருந்த நான்கு விரலுக்கு, அதன் ஓரத்தில் ஒரு வருஷமாக அவர் யாருக்கும் காட்டாத, தானும் பார்க்காத, தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அந்த வழவழத்த மேட்டுக்கு.

"இங்க எங்கப்பா பிரிமணை?" என்றாள்.

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் எதற்காகத் திட்டினாரோ, அதை அவரே ஒரு வருஷமாகச் செய்திருக்கிறார், தன் கையில், ஒவ்வொரு பத்திலும்.

தேன்மொழி சட்டியை அந்தப் பிரிமணையில் வைக்கவில்லை. மணலைக் குழித்து அதில் வைத்தாள். கட்டைக்குப் பக்கத்தில் காலை அகட்டி உட்கார்ந்து, குவியலிலிருந்து நாரை உருவினாள், தொடையில் வைத்துத் திரித்தாள், மோதிரம் அளவுக்கு ஒரு சின்னப் பிரிமணை சுற்றினாள். அவர் கையைப் பிடித்து இழுத்து, மேட்டின் மேல் அதை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் நாரால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினாள். அவள் விரல் பட்டபோது அவருக்குக் கூச்சம் வந்தது, கையை இழுத்தார், அவள் விடவில்லை.

"இப்ப எண்ணுங்க."

"வேண்டாம்மா."

"எத்தன நாளைக்கு வேண்டாம்? எனக்கு முதுகு விட்டுப்போச்சுப்பா. எண்ணுங்க."

அவர் கையை விரித்தார், அது விரிந்தது. லாபம், என்றார். ரெண்டு. மூணு. சித்திரையும் வைகாசியும் ஒவ்வொன்றாக விரலுக்குள் வந்து உட்கார்ந்தன. இடதுகை முடிந்தது, வலதுகையின் கட்டைவிரல் ஆறு, பிறகு ஏழு, எட்டு. ஒன்பது. இத்தனை நாளும் இங்கேதான் தாண்டினார். இப்போது தாண்டவில்லை. இடதுகையால் அந்த நார் வளையத்தைத் தொட்டார், அதற்குள் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றும் இல்லாததின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார், அருகில் மகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் அவசரப்படவில்லை, மற்ற விரல்களுக்குக் கொடுத்த நேரத்தை அதற்கும் கொடுத்தார்.

"பத்து" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காக்கை வந்து கஞ்சிச் சட்டியைப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு மாசிக் காற்று சட்டென்று நின்று, வைகாசி வெயில் சுள்ளென்று களத்தில் விழுந்தது, கடைத்தெருப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. தொலைந்துபோன பத்தாம் நாள் வந்திருந்தது. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து வெயிலைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வடம் பிடிக்கப் போனார்கள். குருக்கள் ஓடிக்கொண்டே பூணூலைச் சரிசெய்தார். அருணாசலத்தின் வீட்டில் இருமல் ஒரு தடவை நீளமாக இழுத்து நின்றது, அந்த அம்மாள் கஷாயத்தைக் கொண்டுபோய் முற்றத்தில் கொட்டிவிட்டு உட்கார்ந்து அழுதாள், அழுது முடித்து எழுந்து அடுப்பை மூட்டினாள்.

"அப்பா" என்றாள் தேன்மொழி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு. "வலிக்குது."

ராவுத்தரின் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கு தெருவும் கூடும் இடத்தில் தேர் அசைந்து அசைந்து எதிரில் வந்தது. ராவுத்தர் ஹாரனை விடாமல் அழுத்தினார். "பாய், சாமிக்கு முன்னால ஹாரன் அடிக்கிறீங்க" என்றார் ஒருவர் வடத்தைப் பிடித்தபடி. "உங்க அம்மன் ஒன்பது மாசம் லேட்டு, இந்தப் பொண்ணு ரெண்டு மாசம்தான் லேட்டு, யாரு பொறுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார் ராவுத்தர். கட்டை போட்டுத் தேரை நிறுத்தி வழிவிட்டார்கள்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. வெளியே தேர் நிலைக்கு வந்த வெடிச் சத்தம் கேட்டது. வைத்திலிங்கம் வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். சௌந்தரம் குறுக்கே கையை வைத்து மறித்தாள்.

"எண்ணாதீங்க" என்றாள். "கும்புட்டுக் கேக்குறேன். பாருங்க, தூக்குங்க, எண்ண மட்டும் செய்யாதீங்க."

அவரும் எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தார். குழந்தை துணிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து விரித்தது. அவருக்குள் லாபம் என்று ராகம் தொடங்கிவிட்டது. அதை நிறுத்த முடியாது என்று தெரிந்தது, ஓடிப்போகவும் இனி ஊர் இல்லை. குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகத் தன் விரலோடு சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார், ரெண்டு, மூணு, நாலு, ஒரு கை முடிந்தது, இன்னொரு கையைத் துணிக்குள்ளிருந்து மெல்ல எடுத்தார், ஆறு, ஏழு, எட்டு. சௌந்தரம் மறித்த கையைக் கீழே போட்டுவிட்டு, உதட்டை அசைத்து, பயத்தோடு அவரோடு கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது. அடுத்த விரல் மிகச் சிறியது, அரிசி அளவு நகம். அதற்குச் சேர்த்துப் பார்க்க அவரிடம் ஒன்றும் இல்லை. நார் வளையத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய்க் காத்திருந்தார், வாயைத் திறந்தார், சொல் வரவில்லை.

குழந்தை கையை மூடியது. வளையத்துக்கு மேலே, ஒன்றும் இல்லாத இடத்தில், எதையோ இறுகப் பிடித்துக்கொண்டது.

"பத்து" என்றாள் சௌந்தரம்.

அந்தப் பிடி எங்கே பட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு சாலையில், ஏதோ ஒரு லோடுக்கு அடியில், ஒரு வருஷமாகக் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்த விரல், பிடித்து நிறுத்தியது போல நின்றது.